நார்மன் கோட்டையில் சரசு அத்தை

நான் இதுவரை வெளிநாடு போனதில்லை. கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குச் சிலரை வழியனுப்பப் போயிருக்கிறேன். (அதுவும் வாசல் வரைக்கும்தான்.) ஆனால் என் குரல் சீமைக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. இங்கிலாந்தும் வேல்ஸும் ஒட்டிக்கொண்டிருக்கும் எல்லையோரத்தில், ஆடுகள் அதிகமும் ஆட்கள் குறைவுமான ஒரு கிராமத்தில், பழைய நார்மன் கோட்டை ஒன்றின் அடிவாரத்தில் அது தினமும் பேசிக்கொண்டிருக்கிறது. என்ன பேசுகிறது என்பதுதான் விஷயம். என் முதலாளியைப் பற்றி நான் புறம் பேசிய பேச்சு அது.

புறம் பேசாத மனிதர் உலகத்தில் கிடையாது. ஆனால் அதைப் பதிவு செய்து, இரைச்சலை நீக்கிச் சுத்தம் பண்ணி, நல்ல ஸ்பீக்கராகப் பார்த்து வைத்து, சம்பந்தப்பட்டவருக்கே போட்டுக் காட்டியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்த காலம். பீளமேட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த சின்ன அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாகச் செய்து கொடுக்கும் வேலை. மொத்தம் ஒன்பது பேர். கீழே பன் வேகும் வாசனை வந்தால் மணி நான்கு என்று அர்த்தம்.

முதலாளி கதிர்வேல் சார். பெரியநாயக்கன்பாளையத்தில் அவருடைய அப்பா நடத்திய பம்ப்செட் பட்டறையை அண்ணனிடம் விட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் கட்டடம் கட்டுகிறேன் என்று கிளம்பி வந்தவர். வரும்போது பட்டறையின் சட்டதிட்டத்தை மட்டும் மறக்காமல் கூடவே கொண்டுவந்துவிட்டார். ஒன்பது மணி என்றால் எட்டு ஐம்பத்தைந்துக்கு நாற்காலியில் இருக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு ஏசியை அணைத்து ரிமோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அது அவரோடு வீட்டுக்குப் போய், மறுநாள் காலை அவரோடு திரும்பி வரும். லீவு கேட்டு மெயில் அனுப்பினால் பதில் வராது. நேரில் போய் நின்றால், "அப்பிடிங்களா?" என்பார். அதோடு சரி. அது சம்மதமா மறுப்பா என்று ஒன்பது பேரில் ஒருவருக்கும் தெரியாததால் ஒருவரும் லீவு எடுத்ததில்லை.

அவருடைய கோபத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவருக்குக் கோபம் எவ்வளவு என்பதை, அவர் வாக்கியத்தில் எத்தனை 'ங்க' வருகிறது என்று எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "சரவணன், இது என்னங்க?" என்றால் சாதாரணம். "ஏனுங்க சரவணன், இதென்னங்க, இதுக்குப் பேரு வேலைங்களா, நீங்களே சொல்லுங்க!" என்றால் அன்றைக்கு மதியச் சோறு இறங்காது. (வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, எவ்வளவு மரியாதையான மனிதர் என்று பாராட்டிவிட்டுப் போவார்கள்.)

இந்த நிலைமையில்தான் கோட்டை வந்தது. மார்கரெட் என்ற அம்மாள், வேல்ஸ் எல்லையிலிருந்து எழுதினார். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர்கள் ஊரில் ஒரு நார்மன் கோட்டை இருக்கிறதாம், அதைப் பார்த்துக்கொள்ளும் கமிட்டிக்கு அவர்தான் தலைவராம். கோட்டை என்றதும் நான் கல் மதிலும் கொடிமரமும் எதிர்பார்த்துப் படத்தைத் திறந்தேன். ஒரு பெரிய புல் மேடு. சுற்றிலும் ஒரு பள்ளம். மேட்டின் மேல் நான்கு ஆடுகள். இணைப்பில் ஏதோ தவறு என்று நினைத்து இரண்டாவது படத்தைத் திறந்தேன். அதில் ஐந்து ஆடுகள்.

விஷயம் இதுதான். பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களுக்கு எல்லையில் வேல்ஸ்காரர்களோடு ஓயாத சண்டை. கல்லில் கோட்டை கட்டிக்கொண்டிருக்க நேரம் இல்லை. ஆகவே வட்டமாக அகழி வெட்டி, அந்த மண்ணை நடுவில் கொட்டி மேடு போட்டார்கள். மேட்டின் உச்சியில் மரத்தால் ஒரு கோபுரம். அதில் கோட்டைக்காரர் இருப்பார். கீழே, சுற்றி மரவேலி அடித்த ஒரு வளாகம். சமையல் கொட்டகை, குதிரை லாயம், கொல்லுப்பட்டறை, சின்ன தேவாலயம் எல்லாம் அங்கே. சண்டை வந்தால் எல்லாரும் மேட்டுக்கு ஏறிக்கொள்ளலாம். மரமெல்லாம் என்றோ மக்கிப்போய்விட்டது. மண் மட்டும் மிச்சம். அந்தக் காலத்தில் அது எப்படி இருந்ததோ அப்படியே திரையில் எழுப்பிக் கொடுக்க வேண்டும், வருகிறவர்கள் அதற்குள் நடந்து பார்க்க வேண்டும் என்பது மார்கரெட் அம்மாளின் ஆசை.

எங்களுக்கு அதுதான் முதல் வெளிநாட்டு வேலை. கையில் வேறு வேலையும் இல்லை. கதிர்வேல் சார் எங்களை வரிசையாக உட்காரவைத்துச் சொன்னார்.

"ஒளிச்சுப் பேசறதுக்கு ஒண்ணுமில்லீங்க. இந்தக் கோட்டை நின்னாத்தான் நம்ம ஆபீஸ் நிக்கும். இல்லீன்னா அடுத்த மாசம் நான் திரும்பப் பட்டறைக்கே போகோணும். எல்லாரும் வேற இடம் பாக்கோணும்."

அவர் அப்படிச் சொல்லும்போது ஒரே ஒரு 'ங்க'தான் வந்தது. அதனால் அது கோபம் இல்லை, பயம் என்று எங்களுக்குப் புரிந்தது.

மூன்று மாதம் வேலை செய்தோம். மேடு எழுந்தது, கோபுரம் எழுந்தது, அகழியில் தண்ணீர் நின்றது. கடைசியில் மார்கரெட் அம்மாள் ஒன்று கேட்டார். எல்லாம் அழகாக இருக்கிறது, ஆனால் மயானம் போல அமைதியாக இருக்கிறதே, நாற்பது ஐம்பது பேர் புழங்கிய இடமாயிற்றே என்றார். பிரெஞ்சு, வெல்ஷ், பழைய ஆங்கிலம் என்று கலந்து பேசியிருப்பார்கள், அதையெல்லாம் இப்போது யாரும் பேசிக் காட்ட முடியாது. வார்த்தை புரியாத வெறும் சலசலப்பு இருந்தால் போதும் என்றார்.

சத்தம் என் பொறுப்பு. அலுவலகத்தில் பதிவு செய்தால் அவிநாசி ரோட்டு பஸ் ஹாரன்தான் விழும். நார்மன் கோட்டைக்குள் ஏர் ஹாரன் அடிக்க முடியாது. யோசித்தேன். பொள்ளாச்சி பக்கத்தில் என் சரசு அத்தையின் தென்னந்தோப்பு ஞாபகம் வந்தது. மாடு, கோழி, விறகடுப்பு, வேலை செய்யும் ஜனங்கள், சுற்றி முள்வேலி. கோபுரம் ஒன்றுதான் குறை. என் மேதாவித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

அன்றைக்குத் தோட்டத்தில் தேங்காய் உரிப்பு. பத்துப் பன்னிரண்டு பேர், நட்டுவைத்த இரும்புக் கம்பியில் தேங்காயைக் குத்தித் திருகி உரித்துக்கொண்டிருந்தார்கள். கேட்பதற்கு ஈட்டியால் குத்துவது போலவே இருந்தது. மட்டைக் குவியலின் மேல் ரெக்கார்டரை வைத்தேன்.

"அதென்ன கண்ணு?" என்றார் அத்தை.

"சத்தம் புடிக்கிற மெஷினுங்கத்தை. சீமையில ஒரு கோட்டைக்கு வேணுமாம்."

"நாங்க என்ன பேசோணும்?"

"எப்பவும் போலப் பேசுங்க."

சரசு அத்தையிடம் யாரும் சொல்லக்கூடாத வார்த்தை அது. அத்தைக்கு என் மேல் உயிர். அவர் மனதில் பட்டது அப்படியே வாயில் வரும். அந்த வாய் மூன்று தோட்டம் தாண்டிக் கேட்கும். அடுத்த புதன்கிழமை அவர்கள் ஊரில் மாரியம்மன் நோம்பி. எங்கள் பக்கம் திருவிழாவை நோம்பி என்றுதான் சொல்வோம். நான் வர முடியாது, லீவு இல்லை என்றேன். அவ்வளவுதான்.

"நோம்பிக்கு லீவு குடுக்காத ஆளு என்ன ஆளு? யாரவன் உங்க ஓனரு?"

"கதிர்வேலுன்னு பேருங்கத்தை."

"கதிர்வேலுன்னு சாமி பேரை வெச்சுக்கிட்டு சாமிக்கே லீவு குடுக்க மாட்டீங்கறானா? முசுட்டு மனுசனாட்ட இருக்குது!"

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். இருபத்து மூன்று வயது நிறுத்தவிடாது.

"அவரு சிரிச்சு ஆபீஸ்ல ஒருத்தரும் பாத்ததில்லீங்கத்தை. அஞ்சு மணிக்கு ஏசியை அமத்திப்போட்டு ரிமோட்டை ஊட்டுக்கே கொண்டுபோயிருவாருங்க."

வைக்கோல் உதறிக்கொண்டிருந்த மாமா, அந்தப் பக்கமே திரும்பாமல், "தலைமாட்டுல வெச்சுட்டுத் தூங்குவாராட்ட இருக்குது" என்றார். தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் மொத்தமும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பிரமாதமான சிரிப்பு. கோட்டைக்கு இதைவிட நல்ல சத்தம் கிடைக்காது என்று நான் நினைத்தது இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

திங்கட்கிழமை அந்தப் பதிவை அங்கங்கே கேட்டுப் பார்த்தேன். முழுதாகக் கேட்கவில்லை. எங்கள் பேச்சும் அதில் எங்கேயோ இருக்கிறது என்று தெரியும். இருந்தால் என்ன, கேட்கப்போவது வெள்ளைக்காரர்கள்தானே, யாருக்குத் தமிழ் தெரியும் என்று நினைத்தேன். (கதிர்வேல் சாருக்குத் தெரியும் என்பது, ஐந்து மாதம் தினமும் அவரிடம் தமிழில் திட்டு வாங்கிய எனக்குத் தோன்றவே இல்லை.) கோழிச் சத்தத்தைக் கோழிக்கு வைத்தேன், கம்பிச் சத்தத்தைக் கொல்லுப்பட்டறைக்கு வைத்தேன், பேச்சை எல்லாம் சமையல் கொட்டகைக்கு வைத்தேன். கூடவே என் கெட்டிக்காரத்தனத்தால் இன்னொன்றும் செய்தேன். தூரத்தில் நின்றால் வெறும் சலசலப்பு. கிட்டே போகப் போகப் பேச்சு தெளிவாகும்.

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு மார்கரெட் அம்மாளுக்குக் காட்டும் நேரம். சுவரில் பெரிய திரை. ஒரு மூலையில் அந்த அம்மாளின் முகம், மடியில் பூனை. கதிர்வேல் சார் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். கோட்டைக்குள் நடத்திக்கொண்டு போகும் வேலை என்னுடையது. அந்த அம்மாள் எங்கே போகச் சொல்கிறாரோ அங்கே நான் நகர்த்த வேண்டும்.

வாசலுக்குள் நுழைந்ததும் கோழி கூவியது. அந்த அம்மாள் கைதட்டினார். சார் என் பக்கம் திரும்பித் தலையை லேசாக அசைத்தார். ஐந்து மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதை நான் எட்டு வினாடி அனுபவித்திருப்பேன். அதற்குள் தூரத்துச் சலசலப்பில் சரசு அத்தையின் குரல் என் காதில் விழுந்தது.

வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்த ராகம் எனக்குத் தெரியும். அது 'நோம்பிக்கு லீவு குடுக்காத' ராகம்.

"அது சமையல்கட்டா? அங்கே போகலாமே" என்றார் மார்கரெட் அம்மாள்.

நான் லாயத்துக்குப் போனேன். குதிரைகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"நல்ல குதிரைகள். இப்போது சமையல்கட்டு?"

நான் தேவாலயத்துக்குப் போனேன். அந்த அம்மாள் மிகவும் ரசித்தார். அங்கே முழங்கால் போட்டு ஜெபம் செய்ய வசதி இருந்தால் செய்திருப்பேன். அங்கிருந்து வெளியே வந்து அகழியைப் பார்க்கப் போனேன். பதற்றத்தில் அதற்குள்ளேயே விழுந்தேன். திரை முழுக்கப் பச்சைத் தண்ணீர்.

"ஏனுங்க சரவணன்," என்றார் சார், திரையைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு, பல்லிடுக்கில். "மேடம் கேக்கறாங்கல்லோங்க. சமையல்கட்டுக்குப் போங்க."

போனேன். தூக்குமேடைக்கு நடக்கிறவனைக்கூட யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள். நான் என் விரலாலேயே என்னை நகர்த்திக்கொண்டு போனேன். ஒவ்வொரு அடிக்கும் அத்தையின் குரல் தெளிவாகிக்கொண்டே வந்தது. கொட்டகைக் கதவைத் தாண்டினேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய அடுப்பு எரிய, நார்மன் சமையல்காரி ஒருத்தி முதுகைக் காட்டி நிற்க, அறை முழுக்கச் சரசு அத்தை முழங்கினார். முசுட்டு மனுசன் வந்தது. அதற்குப் பின்னால் என் குரல் வந்தது. ரிமோட் வந்தது. தலைமாடு வந்தது. பன்னிரண்டு பேரின் சிரிப்பும் வந்தது.

எனக்குப் பின்னால் யாரோ நாற்காலியை மெதுவாக என்னிடமிருந்து தள்ளிப்போட்டார்கள். சாரின் காது மட்டும் எனக்குத் தெரிந்தது. அது சிவந்துகொண்டிருந்தது. நான் போனால் போகிறேன், ஆபீஸே போய்விட்டதே, மற்ற எட்டுப் பேர் வயிற்றிலும் அடித்துவிட்டேனே என்று நினைத்தேன்.

"என்ன அருமையான குரல்!" என்றார் மார்கரெட் அம்மாள். "எந்த மொழி? அந்தப் பெண் எதற்கோ கோபமாக இருக்கிறாளே, என்ன சொல்கிறாள்?"

சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுவில் கதிர்வேல் என்று கேட்டது போல இருந்தது" என்றார் அந்த அம்மாள்.

சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஏதோ கோளாறு என்று சொல்லி அழைப்பைத் துண்டித்திருக்கலாம். புதிதாகச் சேர்ந்தவன் செய்த தப்பு என்று என்னைக் கைகாட்டியிருக்கலாம். அதில் பொய்யே கிடையாது. அவர் அந்த இரண்டையும் செய்யவில்லை.

"இது எங்கள் தமிழ் மேடம்" என்று நிதானமாக ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "வேலைக்காரர்கள் கோட்டைக்காரரைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். ஊர்த் திருவிழாவுக்கு அவர் விடுமுறை தருவதில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. குளுகுளுவென்று இருக்க ஒரு வசதி உண்டு, அதன் சாவியை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். தூங்கும்போதுகூடத் தலைமாட்டில் வைத்துக்கொள்வார் என்று ஒருவர் சந்தேகப்படுகிறார்." நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தக் கோட்டைக்காரன் நான்தான் மேடம்."

மார்கரெட் அம்மாள் ஒரு வினாடி விழித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பூனை பயந்து குதித்து ஓடியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நாற்பது வருஷம் இந்த மேட்டைக் காட்டிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். கட்டியது யார், பிடித்தது யார் என்றுதான் சொல்லியிருக்கிறேன். கூடையில் மண் சுமந்து இதைப் போட்ட ஜனங்கள் சமையல்கட்டில் நின்று அவனை என்ன பேசினார்கள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. இப்படித்தான் பேசியிருப்பார்கள். இதை எடுத்துவிடாதீர்கள். கீழே ஆங்கிலத்தில் அர்த்தம் மட்டும் போட்டுக் கொடுங்கள்."

கோட்டை நின்றது. ஆபீஸும் நின்றது. அழைப்பு முடிந்த பிறகு சார் எழுந்து என்னிடம் வந்தார். நான் 'ங்க'க்களை எண்ணத் தயாரானேன்.

"சரவணன், உக்காருங்க. அர்த்தம் எழுதோணும்."

இரண்டு பேரும் உட்கார்ந்து, அவரை அத்தை திட்டியதை வரிவரியாக மொழிபெயர்த்தோம். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான ஒரு மணி நேரம் இருந்ததில்லை.

"இந்த முசுட்டு மனுசனுக்கு இங்கிலீஷ்ல என்னங்க போடலாம்?"

"அது வேண்டாங்க சார். விட்டறலாங்க."

"அதெப்பிடி விடறது? உங்கத்தை சொன்னது சொன்னதுதானுங்களே."

"ஸ்ட்ரிக்ட்னு போடலாங்களா சார்?"

"ஸ்ட்ரிக்ட்ங்கறது பாராட்டுங்க. கேட்டா பாராட்டு மாதிரித் தெரியலைங்களே."

கடைசியில் அவரே ஒரு வார்த்தை போட்டார். அது நான் சொல்லத் துணிந்திருக்கும் வார்த்தையைவிடக் காட்டமாக இருந்தது. எல்லாம் முடிந்து ஃபைலை அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். பதிவில் இல்லாத ஒரு வரியை அவர் அடியில் சேர்த்திருந்தார். 'கோட்டைக்காரர் இதைக் கேட்டார். மறுநாள் எல்லாருக்கும் விடுமுறை விட்டார்.' இந்தக் கடைசி வரிக்குச் சரித்திர ஆதாரம் உண்டா என்று மார்கரெட் அம்மாள் கேட்டு எழுதினார். ஒன்பது சாட்சிகள் இருக்கிறார்கள் என்று சார் பதில் போட்டார்.

மறுநாள் புதன்கிழமை. ஒன்பது பேரையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு அவரே நோம்பிக்கு வந்தார். வாசலில் அவரைப் பார்த்ததும் நான் அத்தையின் காதைக் கடித்தேன். அத்தைக்குக் கூச்சமா, வெட்கமா, ஒன்றும் கிடையாது.

"நீங்கதானுங்களா அது?"

"நாந்தானுங்க்கா."

"இத்தனை மெலிஞ்சு கெடக்கறீங்க, அப்பறம் எங்கிருந்து சிரிப்பு வரும்? வாங்க, மொதல்ல சோறு உங்கலாம்."

அன்றைக்குத்தான் கதிர்வேல் சார் சிரித்து நாங்கள் பார்த்தோம். இரண்டு முறை கறிக்குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். மாமாவோடு போய் மாடுகளைப் பார்த்தார்.

அதன் பிறகு எத்தனையோ கட்டடங்கள் செய்துவிட்டோம். அலுவலகம் பெரிதாகிவிட்டது. நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். நல்ல சம்பளத்துக்கு வெளியே கூப்பிட்டார்கள், போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். என் தப்பைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு, அந்தக் கோட்டைக்காரன் நான்தான் என்று சொன்ன மனிதருக்கு நான் பட்ட கடன் தீராது. அவரிடம் இதை நேரில் ஒரு தடவை சொன்னேன். "அப்பிடிங்களா?" என்றார்.

எங்கள் வீட்டில் அவருக்கு இன்றைக்கும் பேர் கோட்டைக்காரர்தான். நோம்பி நெருங்கினால் அத்தை என்னிடம் எதுவும் கேட்பதில்லை. நேராக அவருக்கே ஃபோன் போட்டுத் தேதியைச் சொல்லிவிடுவார், அவரும் மறுபேச்சில்லாமல் சரிங்க்கா என்பார். இது அலுவலகத்தில் எப்படியோ பரவிவிட்டது. இப்போது லீவு வேண்டும் என்றால் அங்கே யாரும் மெயில் அனுப்புவதில்லை. எங்கள் அத்தைக்குத்தான் ஃபோன் போடுகிறார்கள்.